நான் களவெடுத்த நான்கு நிமிடங்கள்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், பாரிஸ் லா சப்பல் தமிழர் இணையக் கூட்டின் தலைவர், மதிப்புக்குரிய தவரத்தினம் ஐயா அவர்களே! புதுச்சேரியில் பிறந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த நாட்டின் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கி, ஓய்வுபெற்ற பின்னும் எங்கள் வாக்குப் பெட்டிக்குக் காவலிருக்கும் அல்பிரட் ஐயா அவர்களே! பிள்ளைகளுக்குச் சலங்கை கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, மேடை எப்போது ஒழியும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரே! ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! பூட்ட மனமில்லாமல் மருமகனை நிறுத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே!

சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க முடியாது.

பொண்டியிலிருந்தும் திரான்சியிலிருந்தும் ரயிலேறி வந்த உறவுகளே! தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் தம்பி தங்கைகளே! மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் தயாளினி அக்கா அவர்களே! உங்களைக் கடைசியாக அழைத்ததை மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் பெயரை இந்த ஒலிவாங்கியில் சொல்வதற்கு எனக்கு இவ்வளவு நேரம் தேவைப்பட்டது. எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையைத் திரும்பவும் உறையில் வைத்துவிடுங்கள். வழக்கப்படி முதலில் போர்த்துவார்கள், பிறகு பேசவிடுவார்கள். நான் அந்த வழக்கத்தை மறித்து, முதலில் பேச வேண்டும் என்று அடம்பிடித்து ஏறியிருக்கிறேன். ‘இணையச் சமநிலையின் காவலர், பொறியியலாளர் பிருந்தாபனுக்கு மதிப்பளித்தல்’ என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருக்கிறீர்கள். அச்சடித்தவர்கள்மேல் குற்றமில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அவன்தான் பேசுகிறான்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஆனாலும் புதிதாக வந்தவர்கள் இருக்கிறீர்கள். எங்கள் கூட்டு என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

நூற்று நாற்பது குடும்பங்களும் கடைகளும் சேர்ந்து நாமே நடத்தும் இணைய இணைப்பு இது. பெரிய கம்பனிகளிடம் கைகட்டி நிற்காமல், மொத்தமாக வாங்கி நமக்குள் பகிர்கிறோம். லா சப்பலில் புடவைக்கடைக்குப் போகும் இணைப்பும், திரான்சியில் ஒரு வீட்டின் வரவேற்பறைக்குப் போகும் இணைப்பும், இந்த மண்டபத்துச் சமையலறைக்குப் பின்னால், அலுமாரிக்குள் இருக்கும் ஒரே பெட்டியின் வழியாகத்தான் போகின்றன. அந்தப் பெட்டியின் கடவுச்சொல் ஒருவனிடம் இருந்தது. அந்த ஒருவன் நான்.

நம் கொள்கை ஒன்றே ஒன்று. கம்பியில் போகிற செய்தி யாருடையது என்று பாராதே, எதைப் பற்றியது என்று பாராதே, பிடித்தவனை முந்தவிடாதே, பிடிக்காதவனைப் பிந்தவிடாதே. இதற்குத்தான் இணையச் சமநிலை என்று பெயர். இரண்டு ஆண்டுகளாக இதை நான் மேடை மேடையாக முழங்கினேன். கோயில் மண்டபத்தில் முழங்கினேன். கட்டிங் செலூனில் கத்திக்குக் கீழே கழுத்தைக் கொடுத்துக்கொண்டும் முழங்கினேன். எந்தக் கம்பனியாவது ‘நெரிசல் நிர்வாகம்’ என்று வாய் திறந்தால், அது திருட்டுக்குப் போட்ட சட்டை என்று நான் சொன்னது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கையைத் தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கைகள்! எனக்கு அதுவும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது சட்டமூலத்துக்கு வருகிறேன். பாராளுமன்றத்தில் கிடக்கும் தொலைத்தொடர்புச் சட்டமூலத்துக்கு இரண்டு முகம். ஒரு முகம், எந்தக் கம்பனியாவது எந்தத் தளத்தையாவது மெதுவாக்கினால் கடுமையான தண்டம். மற்ற முகம், ஒரு தளம் ஆபத்தானது என்று அரசுத் திணைக்களம் நினைத்தால், நீதிபதியைக் கேளாமலே ஒரு நாளுக்குள் அதை மூடலாம். பாரிஸில் இருக்கும் இணைய உரிமைச் சங்கங்கள் எல்லாம் ஆதரவா, எதிர்ப்பா என்று தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். நம் கடிதம் நாளை மதியத்துக்குள் போக வேண்டும்.

இந்தச் சட்டத்தில்தான் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். நான் ஒரு பக்கம். செயலாளர் தயாளினி அக்கா மறுபக்கம்.

நான் சொன்னேன்: சட்டம் இன்று கிடைக்கிறது, இன்று எடுப்போம். மூடும் பிரிவை நாளை நீதிமன்றத்தில் உடைப்போம். அக்கா சொன்னார்: “தம்பி, கம்பனி மெதுவாக்கினா வேறை கம்பனிக்குப் போகலாம். அரசாங்கம் மூடினா வேறை அரசாங்கத்துக்குப் போறதோ? ஒருக்காப் போனது காணாதோ?”

எவ்வளவு நேரான கேள்வி! நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? செயற்குழுவில், பன்னிரண்டு பேருக்கு முன்னால், “அக்கா, நீங்கள் இன்னும் கொழும்பிலைதான் இருக்கிறியள். இது பிரான்ஸ். இஞ்சை அந்த அதிகாரம் பொறுப்பான ஆக்களின்ரை கையிலை இருக்கும்” என்று சொன்னேன். சிலர் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “பொறுப்பான ஆக்கள் எண்டா ஆர், பிருந்தாபன்? உம்மைப் போல ஆக்களோ?” என்றுதான் கேட்டார். “ஓம், என்னைப் போல ஆக்கள்தான்” என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல ஆட்கள்.

ஐந்து வாரங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிறு பிற்பகல், இதே மண்டபத்தில் விவாதம் வைத்தோம். ஆளுக்கு ஏழு நிமிடம். பிறகு வாக்கெடுப்பு. அன்று ரயில் வேலைநிறுத்தம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான் பொண்டியிலிருந்து கால்வாய் ஓரமாகச் சைக்கிளில் வந்து சேர்ந்தேன். தயாளினி அக்காவால் திரான்சியிலிருந்து வர முடியவில்லை. வீட்டிலிருந்தே காணொளியில் பேசுவதாகச் சொன்னார். இந்தச் சுவரில் பெரிய திரை கட்டினோம்.

நான் முதலில் பேசினேன். கைதட்டல் கிடைத்தது. ஆனால் எனக்குக் கணக்குத் தெரியும். முதல் நாள் மாலை கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டிருந்தேன். பாதிப் பேர் இன்னும் தீர்மானிக்கவில்லை. அக்கா பேசினால் அந்தப் பாதியும் அவர் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் அகதி விண்ணப்பங்களுக்கு மொழிபெயர்ப்பவர். ஒரு வாழ்க்கையை ஏழு நிமிடத்தில் சொல்லி முடிப்பது அவருடைய தொழில்.

இந்த முன்வரிசையில், இதோ இந்த நாற்காலியில் இருந்தேன். அக்காவின் முகம் திரையில் வந்தது. வணக்கம் சொன்னார். நான் கைபேசியை எடுத்தேன். அலுமாரிக்குள் இருக்கும் பெட்டிக்குள் நுழைந்தேன். ஒரே ஒரு வரி எழுதினேன். அக்கா வீட்டு இணைப்பின் எண். அதற்குப் பக்கத்தில் மிகச் சிறிய இன்னோர் எண். இவ்வளவு வேகத்துக்குமேல் இந்த வீட்டிலிருந்து எதையும் வெளியே விடாதே என்று அதற்குப் பொருள். அவ்வளவுதான்.

பின்னால் யாரோ “சும்மா பகிடி விடாதை” என்கிறீர்கள். பகிடியோ விளையாட்டோ இல்லை அண்ணை. பகிடியாக இருந்திருக்கலாம் என்று ஐந்து வாரமாக நானும் விரும்புகிறேன்.

எனக்குள் என்ன சொல்லிக்கொண்டேன் என்று கேட்கமாட்டீர்களா? மண்டபத்திலிருந்து வெளியே போகும் நேரலைக்கு முன்னுரிமை வேண்டும், எல்லா வீட்டிலும் பிள்ளைகள் விளையாட்டுத் தரவிறக்கிக்கொண்டிருக்கும் நேரம், இது நியாயமான நெரிசல் நிர்வாகம்! அதே சொல். நான் காறித் துப்பிய அதே சொல், தேவைப்பட்டபோது என் நாக்கில் தேனாக வந்து நின்றது. தடுக்கவில்லையே, தாமதம்தானே செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். கம்பனிக்காரனின் வக்கீல் சொல்வது எல்லாவற்றையும், சம்பளம் வாங்காமல், எனக்கு நானே சொன்னேன்.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். முதலில் குரல் துண்டு துண்டானது. பிறகு முகம் நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, சுவரளவு பெரிய முகம். மண்டபம் சிரித்தது. “நெட்டுக்கே இவ பேசுறது பிடிக்கேல்லை!” என்று ஒருவர் கத்தினார். இன்னும் பெரிய சிரிப்பு. அல்பிரட் ஐயா மட்டும் குனிந்து என்னிடம் கேட்டார்: “என்னப்பா, லீஞ், அதான் லைன், கட்டாயிடுச்சா? பாரேன் கொஞ்சம், பாவம் அந்த மதாம் பேசிக்கிட்டே இருக்காங்க.” நான் கைபேசியைப் பார்த்துப் பாசாங்கு செய்தேன். “அவையின்ரை பக்கம் பிரச்சினை ஐயா” என்றேன்.

அன்றைய நேரலைப் பதிவை நான் பிறகு முழுவதுமாகப் போட்டுப் பார்த்தேன். அக்காவின் ஏழு நிமிடத்தில் மூன்று துண்டு துண்டாக வந்தது; மண்டபத்துக்கு வந்தே சேராதவை நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார். எங்கே சொன்னார்? அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு வரவில்லை.

ஐயா, மணியைக் கையில் எடுக்கிறீர்கள். அடிக்காதீர்கள். சலங்கை கட்டிய பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அம்மாமாரே, இன்னும் ஐந்து நிமிடம் தாருங்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. சட்டத்துக்கு ஆதரவு அறுபத்து மூன்று. எதிர்ப்பு ஐம்பத்திரண்டு. பதினொரு வாக்கில் நான் வென்றேன். தோளில் தட்டினீர்கள். இந்தப் பொன்னாடையும் அன்றுதான் பேசப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் தப்பியிருப்பேன். “தம்பி, என்ரை வீட்டு லைனிலை ஏதும் பிழையோ? நான் நல்லா ஆயத்தப்படுத்தினனான். ஆக்கள் சிரிச்சது மட்டும் எனக்குக் கேட்டது. உமக்கு நேரமிருந்தா ஒருக்கா வந்து பாரும்” என்றார்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம் அல்லவா? போனேன். என் பைக்குள் கருவிகளோடு, புதிய கேபிள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய வீட்டு வரவேற்பறையில் முழங்காலிட்டு, ஒரு குறையும் இல்லாத கேபிளைக் கழற்றி, அதே போன்ற இன்னொரு கேபிளைப் பூட்டினேன். “பழசு அக்கா. உள்ளுக்கை நைஞ்சு போச்சு” என்றேன். அவருடைய கணவர் டோர்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றார். “நல்ல காலம் நீர் வந்தனீர்” என்றார். இதற்கிடையில், கழிப்பறைக்குப் போவதுபோல் போய், கைபேசியில் அந்த ஒரு வரியை அழித்தேன். வெளியே வந்தபோது, சோதனைக்குப் போட்ட காணொளி அழைப்பில் படம் பளிச்சென்று ஓடியது. அக்கா கைதட்டினார்! எனக்குக் கைதட்டினார்!

பிறகு இடியப்பமும் சொதியும் வைத்தார். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது, அன்று மண்டபத்துக்குக் கேட்காமல் போனதை எனக்குச் சொன்னார். ஈஸ்டர் என்னும் உயிர்த்த ஞாயிறன்று ஊரில் தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது, அவருடைய தங்கை மட்டக்களப்பில் பூசைக்குப் போயிருந்தார். செய்தி பார்த்ததும் இவர் இங்கிருந்து அழைத்தார். தொலைபேசிக் கோடுகள் எல்லாம் நெரிசல். சரி, வாட்ஸ்அப்பில் எடுப்போம் என்றால் அரசு அதை முடக்கிவிட்டது. முகநூலும் இல்லை. “ஒரு நாள் முழுக்க, தம்பி, அவள் இருக்கிறாளோ இல்லையோ எண்டு தெரியாமல் இருந்தனான். அவள் வேறை கோயிலுக்குப் போயிருந்தவள். சுகமா இருந்தவள். ஆனா அந்த ஒரு நாளை எனக்கு ஆர் திருப்பித் தருவினம்? மூடினவையும் நல்ல காரணத்துக்குத்தான் மூடினவை. வதந்தி பரவக்கூடாது எண்டு. அதைத்தான் நான் அண்டைக்குச் சொல்ல வந்தனான்.”

அருமைச் சபையோரே! பேச்சு மூடப்பட்ட ஒரு நாளைப் பற்றி ஒரு பெண் பேச வந்தார். அந்தப் பேச்சை நான் மூடினேன். திறந்த வாயோடு திரையில் அவர் உறைந்து நின்ற கணத்தில் தங்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் சிரித்தோம். நீங்கள் தெரியாமல் சிரித்தீர்கள். நான் தெரிந்து சிரித்தேன். ஓம், நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று சிரித்தேன்.

அன்று அந்த மேசையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் செயலாளர் பதவியை விட்டு விலகிக் கடிதம் கொடுத்தார், அப்போதும் சொல்லவில்லை. ‘வீட்டு இணைப்பைக்கூடச் சரியாக வைத்திருக்கத் தெரியாத நான் இணையக் கூட்டுக்குச் செயலாளராக இருப்பது சரியில்லை’ என்று அதில் எழுதியிருந்தார். தவரத்தினம் ஐயா அதை உரக்க வாசித்தார். நான் எதிரே அமர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதைவிடக் கீழே இறங்க ஒரு மனிதனுக்குப் படி இருக்கிறதா?

இருந்தது. இன்று காலை ரயிலில், விழா மலரைப் புரட்டினேன். இருபத்திரண்டாம் பக்கம். தயாளினி அக்காவின் வாழ்த்துச் செய்தி. ‘கருத்தில் மாறுபட்டாலும், என் வீடு தேடி வந்து பழுது பார்த்துத் தந்த தம்பி பிருந்தாபனின் நேர்மைக்கு என் நன்றி’ என்று எழுதியிருக்கிறார். நேர்மை! அச்சில்! இருநூறு பிரதிகள்! உங்கள் மடியில் எல்லாம் அது கிடக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, படியேறி, இந்த மண்டபம் வரை நடந்து வந்தேன். ஒவ்வொரு கடையிலும் வணக்கம் சொன்னீர்கள். என்னால் பதில் வணக்கம் சொல்ல முடியவில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரிதான், காரணம்தான் வேறு.

இதைச் சொன்னதற்காக என்னை யாரும் பாராட்டிவிடாதீர்கள். அங்கே ஒரு கை தட்ட எழுகிறது. கீழே போடுங்கள், தயவுசெய்து.

எனக்குக் கற்ற கல்வியில் குறைவில்லை. கொள்கையில் குழப்பமில்லை. அந்தப் பெட்டியை நானே கட்டினேன். அதன் விதிகளை நானே எழுதினேன். அதன் புனிதத்தைப் பற்றி நானே பேசினேன். அந்த அதிகாரம் நல்லவர் கையில் இருக்கும், பயப்படாதீர்கள் என்று நானே உங்களுக்கு உறுதி சொன்னேன். நல்லவர் என்றால் யார்? என்னைப் போல ஆட்கள். சரி, கையில் கொடுத்துப் பார்த்தாயிற்று. எத்தனை ஆண்டு தாங்கியது? எத்தனை மாதம் தாங்கியது? தோற்றுவிடுவேனோ என்ற பயம் ஒன்று வந்தவுடன், ஏழு நிமிடம் தாங்கவில்லை! பணம் தரவில்லை யாரும். மிரட்டவில்லை யாரும். கட்டளையிட்ட அமைச்சர் இல்லை, ஆசை காட்டிய கம்பனி இல்லை. என் பக்கம் சரியென்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை ஒன்றே போதுமாக இருந்தது!

இப்போது சட்டத்தை எதிர்க்கிறாயா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கம்பனிகளை அடக்க ஒரு சட்டம் வேண்டும் என்றுதான் இந்த நிமிடமும் நினைக்கிறேன். அந்த மூடும் பிரிவையும் சேர்த்து விழுங்கலாமா என்பதற்கு, மறுபக்கத்தை முழுதாகக் கேட்காமல் நான் பதில் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது. நாம் யாரும் அதைக் கேட்கவில்லை.

ஆகவே மூன்று விடயம். பெட்டியின் கடவுச்சொல்லை இன்று காலை மாற்றிவிட்டேன். புதியதை இரண்டு துண்டாக எழுதியிருக்கிறேன். ஒன்று அல்பிரட் ஐயாவிடம். மற்றது தலைவரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். எனக்கே மனப்பாடம் இல்லை. இரண்டாவது, அன்று நான் எழுதிய வரியும், எழுதிய நேரமும், அழித்த நேரமும் பெட்டியின் பதிவில் இருக்கின்றன. அச்சடித்து வாசல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். போய்ப் பாருங்கள். மூன்றாவது, அந்த அறுபத்து மூன்றும் ஐம்பத்திரண்டும் செல்லாது. கடிதம் போக நாளை மதியம் வரை இருக்கிறது. அங்கத்தவர்கள் பெரும்பாலும் இங்கே இருக்கிறீர்கள். இன்றே, இப்போதே மறுபடி வாக்கெடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தலைவர் தலையாட்டுகிறார். அல்பிரட் ஐயா ஏதோ சொல்கிறார். “வாக்குப் பொட்டி கார்லதான்பா இருக்கு, எடுத்தாறேன்” என்கிறார். நன்றி ஐயா.

அக்கா, நீங்கள் ஏதோ கேட்கிறீர்கள். கொஞ்சம் அமைதி, சபையோரே. அக்கா பேசுகிறார்.

எல்லோருக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். இந்த முறை ஒரு சொல்லும் குறையாமல் சொல்கிறேன். “நீர் என்ரை வீட்டிலை கேபிள் மாத்தேக்கை, அது நல்ல கேபிள் எண்டு தெரியுமோ?” என்று கேட்கிறார்.

ஓம் அக்கா. தெரியும்.

“அப்ப எப்பிடிச் சாப்பிட்டனீர்?” என்று கேட்கிறார்.

அக்கா, பசித்தது, சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கூட்டத்துக்கு முன்னால் உங்களிடம் கேட்கமாட்டேன். இத்தனை பேர் பார்க்கும்போது கேட்டால், இல்லை என்று சொல்லும் உரிமையையும் உங்களிடமிருந்து பறித்தவன் ஆவேன். அதை உங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்பேன். கதவைத் திறக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இந்த மேடையில் உங்களுக்குச் சேர வேண்டியது நான்கு நிமிடம். ஏழாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதாக எடுத்தாலும் மணி அடிக்க விடமாட்டேன்.

அக்கா எழுந்துவிட்டார். கைப்பையைத் தோளில் போட்டுவிட்டார். வாசல் பக்கம் பார்க்கிறார். யாரும் மறிக்காதீர்கள், போவதென்றால் போகட்டும், அதற்கும் அவருக்கு வழி விடுங்கள்.

இல்லை. இந்தப் பக்கம் திரும்புகிறார். கால்களை மடக்குங்கள் அண்ணைமாரே, அக்கா வரட்டும். அக்கா, இரண்டாவது படி கொஞ்சம் ஆடும், பார்த்து ஏறுங்கோ.

சபையோரே, பேச விட்டதற்கு நன்றி என்று முடிப்பது முறை. இன்னொருவரைப் பேச விடாதவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது. எழுந்து போகாமல் இருந்தீர்கள், அதற்கு நன்றி. எல்லோரையும் கைகூப்பி வணங்கி, ஒலிவாங்கியை விட்டு விலகுகிறேன். தயாளினி அக்கா பேசுவார். முழுவதும் கேளுங்கள்.